காட்டு மண்ணில் ஒரு சாண்

எங்கள் காணியின் வடக்கு வேலிக்கு அப்பால் மழைக்காடு. அச்சுவேலியில் மழைக்காடா என்று சிரிக்கிறவர்கள் ஒருநாள் வந்து என் குசினி யன்னலால் எட்டிப் பார்க்கட்டும். அந்தப் பக்கம் வருடம் முழுக்க மழை. இந்தப் பக்கம் என் மிளகாய்க் கன்றுகள் வாடி நிற்கும். ஒரு தூறல்கூட வேலி தாண்டாது. அங்கே கிளைகளில் இருக்கும் நீலத் தவளைகள் பட்டப் பகலிலும் மினுங்கும். தலைமுடிக்குப் பதில் பாசி வளர்ந்த மழையார் என்ற சனம் வேலிப் பொட்டின் சின்ன இடைவெளிக்கு வந்து, தேனைத் தந்து உப்பு வாங்கிப் போகும். வேலி எங்கே நிற்கிறதோ அங்கேதான் காட்டின் எல்லை. ஊர் உண்டாக முதலே இருந்த மந்திரம் அது.

அந்த மந்திரத்தோடு விளையாடியவர் என் கணவர் ஜெயரூபன்.

வேலியடைக்கும்போது கதியாலை, அந்த உயிர்த்தடியை, அடுத்தவன் பக்கம் ஒரு சாண் தள்ளி நடுவது எங்கள் ஆட்களுக்கு இரத்தத்தில் ஊறியது. கிழக்கு வளவு அருளம்பலத்தாரோடு இவர் வருடக் கணக்காக வழக்காடுவதும் அதற்குத்தான். இந்த மாசியில் வடக்கு வேலியின் தென்னோலைக் கிடுகு மாற்றும்போது, காட்டாருக்கு ஏது கோர்ட்டு, ஏது கச்சேரி என்று நினைத்துவிட்டார் மனிதர்.

"என்னப்பா செய்யிறியள்? அது காட்டு மண்ணெல்லோ!"

"ஒரு சாண்தானே. உவங்களிட்டைக் காணி உறுதிப் பத்திரம் இருக்கே?"

காட்டுக்குள் நின்று, அலவாங்குக் கடப்பாரையால் குழி தோண்டி, பூவரசங் கதியால்களைத் தன் கையாலேயே நட்டார். கிடுகு கட்டி முடிந்ததும் மழை ஒரு சாண் பின்வாங்கியது. என் கண்ணால் பார்த்தேன். இவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

கதியால்கள் துளிர்த்த அன்று காலையில் இவருடைய கால்விரல் இடுக்குகளிலும் பச்சைத் துளிர் நின்றது. பிறகு இவருக்கு வெயில் ஒத்துவரவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தும் உதடு வெடித்தது. வேலியைக் காக்கும் பெரிய ஆமை, உழவு மெஷின் இழுக்கும் பெட்டியளவு இருக்கும், கதியால்களை ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு எங்கள் வீட்டைப் பார்த்தபடி படுத்துவிட்டது.

உப்பு வாங்க வருகிற பாசிலை என்ற மழையார் பெண்ணிடம் ஓடினேன்.

"ஏன் அழுகிறாய்?" என்றாள். "எங்கள் மண்ணில் தன் கையால் உயிர்த்தடி நடுகிறவன் எங்களோடு வாழ வாக்குத் தருகிறான். எங்கள் மணவினையே அதுதான்."

"ஐயோ, அவர் காணி களவெடுக்கத்தான் நட்டவர்!" வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"மண்ணை எப்படிக் களவெடுப்பது?" அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"பிடுங்கிப் போடட்டே?"

"துளிர்த்துவிட்டதே. பிடுங்கினால் அவனும் காய்வான். காட்டுக்குள் அனுப்பு. மழை பட்டால் பிழைப்பான்."

இவரோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மறுத்துவிட்டார். "சண்டைக்குள்ளை முகாம் முகாமா அலைஞ்சு திரும்பி வந்த வீடு, பிரசாந்தி. செத்தாலும் இதை விட்டு இனி அசையமாட்டன். நீர் என்னைக் கேக்காதையும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அடுத்தவன் மண்ணுக்கு ஆசைப்பட்டவர் இப்போது தன் மண்ணிலேயே காய்ந்து சாகப் போகிறார். அந்த ஆத்திரத்தில்தான் மழை பின்வாங்கியது நினைவுக்கு வந்தது. வேலி காட்டுப் பக்கம் போனால் மழையும் காட்டுக்குள் போகும். வேலி எங்கள் பக்கம் வந்தால்?

கத்தியை எடுத்து வடக்கு வேலியின் கிடுகுகளை அறுத்து விழுத்தினேன். கதியால்களைத் தொடவில்லை. மழை வளவுக்குள் வந்தது. கிணற்றடி வரை வந்து, வீட்டை எட்டாமல் அப்படியே நின்றுவிட்டது. ஒழுங்கைப் பக்கம், தெருவுக்குப் போகும் படலை வாசல் மட்டும் வேலியில்லாத வெளியாக இருந்தது. அதையும் வேலியாக அடைத்தால்தான் எல்லை மூடும். படலையைக் கழற்றினேன்.

அருளம்பலத்தார் ஒழுங்கையில் ஓடி வந்தார். "பிள்ளை, விசரே உமக்கு? காணி முழுக்கக் காட்டுக்குப் போகுதெல்லோ!"

"ஓம் அண்ணை, போகட்டும்."

அவர் கண் தானாகக் கிழக்கு வேலிக்குப் போனது.

"அந்த வேலியை மட்டும் தொட்டுடாதையுங்கோ, அண்ணை. இனி அது காட்டு வேலி."

ஒழுங்கைப் பக்கம் நின்று அடைத்தால் கோப்பாய்க்கு பஸ் எடுத்து அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். உள்ளே நின்று அடைத்தால் திரும்பி வரப் படலை இல்லை. பயமாக இருந்தது. இவரை நினைக்க எரிச்சலாகவும் இருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பிரசாந்தி... தண்ணி."

வளவுக்குள்ளே போனேன். ஒரு விரல்கூட அங்காலே தள்ளாமல், படலை நின்ற இடத்திலேயே கதியாலை நட்டுக் கிடுகைக் கட்டினேன். முதல் துளி என் கையில் விழுந்தது.