முதல் தேதி கிளம்பாத வீடு

அந்த வருடத்து ஜனவரி ஒன்றாம் தேதி, துணை நடிகை குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வழக்கம்போல வந்தது. வந்தது வந்ததுதான், திரும்பிப் போகவில்லை. தெருவில் இரண்டாம் தேதி ஆயிற்று, மூன்றாம் தேதி ஆயிற்று, பள்ளிக்கூடம் திறந்தது, குப்பை வண்டி வந்து போயிற்று. அவள் வீட்டுக் கூடத்தில் மட்டும் ஜன்னல் வெயில் சோபாவின் கைப்பிடியை விட்டு நகராமல் கிடந்தது. அவள் கணவர் சுவர்க் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டுப் பார்த்தார். பிறகு, வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதற்கும் பதறக் கூடாது என்பதுதான் அவர் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மருத்துவமனைக் காட்சிகளில் தட்டேந்தி நடந்திருக்கிறாள், வங்கிக் காட்சிகளில் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்திருக்கிறாள், விபத்துக் காட்சிகளில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு பாத்திரத்துக்கும் பேர் இருந்ததில்லை. அந்தக் காலையில் கூடத்தின் நடுவில் நின்று, கணவரும் ஏழு வயது மகளும் கேட்க, உரக்கச் சொன்னாள்: இந்த வருஷம் பேர் உள்ள ஒரு வேஷம் நடித்தே தீருவேன், இந்த வருஷம் ஒரு திரைக்கதையை முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை எழுதி முடிப்பேன். மகள் கை தட்டினாள். நாள் அங்கேயே நின்றது அதனால்தானா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வீட்டுக்குள் இருக்கும் நேரத்துக்கு நகம் வளராது என்பதை முதலில் கண்டுபிடித்தது மகள்தான். நரையும் வராது, சுருக்கமும் விழாது என்று தெரிந்ததும் துணை நடிகை உள்ளூரக் குளிர்ந்து போனாள். அவள் தொழிலில் வயதைப் போலக் கொடுமையான முதலாளி வேறு யார்? ஷூட்டிங்குக்கும் ஆடிஷனுக்கும் மட்டும் வெளியே போய்விட்டு ஓட்டமாக வீடு திரும்பினாள். அக்கம்பக்கத்தாருக்கும் விஷயம் பரவியது. தீர்மானம் எடுக்க வசதியான இடம் என்று ஏப்ரலிலும் ஜூலையிலும் ஆட்கள் ஏறி வந்தார்கள். மேல்மாடிப் பல் வைத்தியர் அந்தச் சோபாவில் உட்கார்ந்து எத்தனை தடவை சிகரெட்டை விட்டார் என்பதற்குக் கணக்கே இல்லை. விட்ட ஒவ்வொரு தடவையும் மனப்பூர்வமாகத்தான் விட்டார்.

ஆனால் முதல் நாளுக்கு என்று ஒரு பரபரப்பு உண்டல்லவா, அது அவளைப் பிடித்து ஆட்டியது. இருப்புக் கொள்ளவில்லை. மேஜையில் உட்கார்ந்து முதல் காட்சியை எழுதுவாள்: ஒரு பெண் பெட்டியோடு பேருந்திலிருந்து இறங்குகிறாள். எழுந்து நாலு நடை நடப்பாள். பேருந்து வேண்டாம், ரயில் என்று தோன்றும். கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவாள். நடுவில் கண்ணாடி முன் நின்று அழுது பார்ப்பாள், அலமாரியை ஒழுங்குபடுத்துவாள், மூச்சுப் பயிற்சி செய்வாள், மறுபடி உட்கார்வாள். எப்போதும் காலை என்பதால் களைப்பே கிடையாது. எல்லாவற்றையும் தொடங்க முடிந்தது. இரண்டாம் காட்சிதான் வரவில்லை.

கோடை விடுமுறை முழுக்க வீட்டிலேயே இருந்த மகளுக்குப் பழைய கவுன் அப்படியே பொருந்தியது. பள்ளி திறந்த அன்று கணவர் மாலையில் வந்து நின்றார்.

"வகுப்புல எல்லாப் பிள்ளைங்களும் இவ தலைக்கு மேல போயிடுச்சுங்க. இவ மட்டும் அப்படியே இருக்கா."

"வெளியில விளையாட விட்டா வளர்ந்துட்டுப் போறா."

"எங்க அக்கா வீட்டுல விட்டுடறேன். அங்க நாள் ஒழுங்கா ஓடுது. எனக்கும் இந்த வெளிச்சத்துல தூக்கமே வர மாட்டேங்குது, நானும் அங்கயே இருந்துக்கறேன்."

அவள் பேனாவைக் கீழே வைக்காமல் சொன்னாள்: "கொஞ்சம் பொறுங்க. இதை முடிச்சதும் நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

பெட்டியைக் கட்டியதும் அவள்தான். மாடிப்படியில் மகளின் செருப்புச் சத்தம் இறங்கி மறையும் வரை கதவருகே நின்றாள், அப்புறம் பேருந்தா ரயிலா என்ற யோசனை வந்துவிட்டது.

நாத்தனார் வீடு நாலு தெரு தள்ளித்தான். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரமாக வந்தாள். ஒரு ஞாயிறு பல்லில் கம்பியோடு, ஒரு ஞாயிறு கம்பி இல்லாமல், ஒரு ஞாயிறு கல்லூரிப் பையோடு. பிறகு ஞாயிறுகள் அருகின. கணவர் சாயங்காலம் சாப்பாட்டு கேரியரோடு வந்துகொண்டுதான் இருந்தார். அவர் தலை நரைத்தது, படியேற மூச்சு வாங்கியது. பார்சல் கொண்டுவந்தவன் ஒருநாள் அவரைக் காட்டி, "உங்கப்பா கையெழுத்துப் போட்டாலும் போதும் மேடம்" என்றான். கணவர் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். அவள் உள்ளே போய் முதல் காட்சியை இன்னொரு தடவை மாற்றினாள்.

இப்படியே பதினெட்டு வருடம் போனபின், ஒரு சினிமா கம்பெனியில் முப்பது வயது வக்கீல் வேடத்துக்கு ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. பேர் உள்ள பாத்திரம். போனாள். வராந்தா நெடுக நாற்காலிகள். அதில் ஒன்றில், கையில் வசனத் தாளோடு, உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள் அவள் மகள். மகள் நாடகங்களில் நடிப்பது அத்தைக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

உதவி இயக்குநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா தங்கச்சியா? மூக்கு அப்படியே இருக்கே."

"இல்ல சார்," என்றாள் மகள். "எங்கம்மா."

"அம்மாடி, இது காமெடி ரோல் இல்ல" என்று அவர் சிரித்துவிட்டுப் போனார்.

பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் மகளின் முகவாய்க்கு அடியில் ஒரு தழும்பைப் பார்த்தாள். பழைய தழும்பு, தையல் போட்ட தடம் தெரிந்தது.

"இது எப்படி ஆச்சு?"

"காலேஜ்ல படியில விழுந்தேன்."

"எனக்கு யாருமே சொல்லலையே."

"நீ எழுதிட்டு இருக்க, தொந்தரவு பண்ண வேணாம்னு அப்பா சொல்லிட்டார்." மகள் தாளை மடித்தாள். "அப்ப ரொம்ப வலிச்சுதும்மா. இப்ப இல்ல."

இருவரும் தனித்தனியே உள்ளே போய் நடித்துக் காட்டிவிட்டு வந்தார்கள். வேடம் தயாரிப்பாளரின் மச்சினிக்குப் போயிற்று.

அன்று வீட்டு வாசல் வரை வந்தவளுக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. கதவிடுக்கில் அந்த வெயில் தெரிந்தது. மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்து, கைப்பையிலிருந்த வசனத் தாளின் பின்பக்கம் எழுதத் தொடங்கினாள். ஒரு தாய், தனக்குத் தெரியாத தழும்பு ஒன்றைத் தன் மகளின் முகத்தில் பார்க்கிறாள். பல் வைத்தியர் சாவியை வாங்கி, அவளைத் தாண்டிக்கொண்டு சிகரெட்டை விட உள்ளே போனார். இருட்டத் தொடங்கியபோது கால் மரத்து, இடுப்பு வலித்து, பசியும் எடுத்தது. இரண்டாம் காட்சி முடிந்திருந்தது.

அதற்கு மேல் அவள் நாத்தனார் வீட்டில்தான் இருந்தாள். நரை வந்தது, கணவரை எட்டிப் பிடிக்கத்தான் முடியவில்லை. முதல் திரைக்கதையை எழுதி முடித்தாள், யாரும் வாங்கவில்லை. இரண்டாவதை யாரும் படிக்கவில்லை. மூன்றாவதை ஒரு சின்னக் கம்பெனி வாங்கிப் பாதியை மாற்றிப் படம் எடுத்தது. மகள் அதில் நடிக்க மறுத்தாள். வசனம் நீளம் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அம்மாவும் மகளும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. மறு மாதம் வசனத்தைச் சேர்ந்து வெட்டினார்கள். அப்போதும் பரபரப்பு அவளை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் நடந்துகொண்டே யோசித்தாலும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

காலி வீட்டை வீட்டுக்காரர் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டார். எவ்வளவு நேரமானாலும் வெயில் மாறாத கூடம் எந்தக் கேமராமேனுக்குக் கசக்கும்? அவள் உடம்புக்கு ஐம்பது வயதானபோது, நீதிபதி வேடமொன்றுக்காக அவளையும் அங்கே கூப்பிட்டார்கள். படத்தில் அந்த நீதிபதிக்கு முழுப் பேர், தகப்பன் பேர் எல்லாம் இருந்தது. அவள் போனபோது யூனிட்டில் ஒருவருக்கும் கால் நிலைகொள்ளவில்லை. இயக்குநர் கதையை ஆரம்பத்திலிருந்து மாற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேக்கப் அம்மா இன்றிலிருந்து நீச்சல் கற்கப் போவதாகச் சொன்னாள்.

"சார், எல்லாரும் கொஞ்சம் படிக்கட்டுல நின்னுட்டு வாங்க, சரியாயிடும்" என்றாள் அவள்.

நின்றுவிட்டு வந்தார்கள். இரண்டாவது டேக்கில் காட்சி முடிந்தது.

கீழே மகள் ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். "எவ்வளவு நேரம்மா? மணி ஆறு!"

"இப்பத்தானே மேல போனேன்," என்றாள் அவள், பின்னால் ஏறி உட்கார்ந்தபடி.

"சரி, சரி, பிடிச்சுக்கோ" என்று மகள் வண்டியைக் கிளப்பினாள்.