பேயோட்டி துரத்திய அழைப்பு

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூஜ்யம். மதிப்பெண்ணால் வந்த பெயரல்ல, பிடிவாதத்தால் வந்தது. தொலைபேசி இணைப்பகங்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. சோதனைக்காக அழைப்புகளை ஓடவிட்டு, எல்லாவற்றையும் முடித்துவைத்த பிறகு, இயந்திரத்துக்குள் எத்தனை அழைப்பு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பாள். பூஜ்யம் என்று காட்டினால்தான் பையைத் தூக்குவாள். ஒன்று என்று காட்டினால் போதும், அன்றைக்குப் பக்கத்து மேஜைக்காரர்கள் யாரும் அவளிடம் பேனாகூடக் கேட்கமாட்டார்கள்.

அவள் எழுதுவது கர்னல் பகுதி. கணினியில் மற்ற புரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எவ்வளவு இடம், யார் எப்போது ஓடலாம் என்று மேய்த்துக்கொண்டிருக்கும் பகுதி. ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டதும் கர்னலுக்குள் அந்த அழைப்புக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கப்படும். யார் யாரோடு, மணி அடிக்கிறதா, பேச்சு தொடங்கிவிட்டதா என்பதெல்லாம் அதில் இருக்கும். போனை வைத்ததும் ‘முடிந்தது’ என்று ஒரு செய்தி வரும். இடம் காலியாகிவிடும். அவ்வளவுதான் கதை.

செய்தி வந்தால்தானே? பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டால், யாராவது வயரில் தடுக்கி விழுந்துவிட்டால், ‘முடிந்தது’ என்று சொல்ல ஆளில்லை. அந்த அழைப்பு முடியவும் முடியாது, நடக்கவும் நடக்காது. இடத்தை அடைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். அலுவலகத்தில் இவற்றுக்குப் பேய்கள் என்று பெயர். பேய்கள் சேரச் சேர இயந்திரம் திணறி, ஒருநாள் மண்டையைப் போட்டுவிடும்.

பூஜ்யம் ஒரு பேயோட்டி எழுதினாள். ஓர் அழைப்பில் இரண்டு பக்கமிருந்தும் ஐந்து நிமிடம் குரலே வரவில்லை என்றால் அது பேய், வெட்டி எறி. எழுதி இயக்கிய அன்றே மிச்சம் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். மேனேஜர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடலாம் என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்தக் குளிர்ச்சி வீட்டு வாசல் வரைக்கும்தான் தாங்கியது.

உள்ளே அம்மா உர்ரென்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மூன்றாவது தடவையாகப் பிரித்து மடிக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“என்னம்மா ஆச்சு?”

“உங்க பெரியம்மா போனை வச்சிட்டா. என் மூஞ்சில அடிச்ச மாதிரி வச்சிட்டா. இனிமே அவ பேச்சை இந்த வீட்ல எடுக்காத.”

பூஜ்யத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவும் பெரியம்மாவும் தினம் மத்தியானம் பேசாவிட்டால் அன்று பொழுதே போகாது. அதனாலேயே கம்பெனி இயந்திரத்தின் வழியாகப் பேசும் சோதனைப் போன்களை ஊழியர்களின் வீடுகளுக்குக் கொடுத்தபோது, ஒன்றை இங்கேயும் இன்னொன்றை நாலு தெரு தள்ளிப் பெரியம்மா வீட்டிலும் அவள் வைத்திருந்தாள். பெரியம்மா வரும் சனிக்கிழமை மகனோடு இருப்பதற்காக வெளிநாட்டுக்குக் குடிபோகிறாள். போனால் போனதுதான், திரும்பி வருவதாக இல்லை. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது இப்படி ஒரு சண்டை.

கைப்பையைக்கூட இறக்காமல் பெரியம்மா வீட்டுக்கு ஓடினாள். அங்கே பெரியம்மா திறந்த பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, “உங்கம்மா கொழுப்பைப் பார்த்தியா? பேசிட்டிருக்கறப்பவே வச்சிட்டா!” என்றாள்.

“பெரியம்மா, நீதான் வச்சேன்னு அம்மா சொல்றா.”

“நானா? வச்சதும் இல்லாம பழியை வேற என் மேல போடறாளா?”

“சரி, கடைசியா யாரு என்ன பேசினீங்க?”

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நான் ஊருக்குப் போறதைப் பத்திப் பேச்சு வந்தது. ‘போறதுன்னா போ, எனக்கென்ன’ன்னா. அப்புறம் அவ ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல. ரெண்டு பேரும் சும்மாதான் இருந்தோம்.”

“சும்மாவா? எவ்வளவு நேரம்?”

“சண்டையில யாராவது கடிகாரம் பார்ப்பாங்களா? ரொம்ப நேரம்தான். திடீர்னு கொய்ங்குன்னு சத்தம் வந்தது. வச்சிட்டான்னு தெரிஞ்சுபோச்சு.”

பூஜ்யம் மூலையிலிருந்த சோதனைப் போனைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் பேசாதபோது இந்தப் போன்கள் எதையும் அனுப்பாது. வெறும் மௌனத்தை அனுப்பி லைனை எதற்கு அடைக்கவேண்டும் என்ற சிக்கனம். அவளுடைய பேயோட்டியின் கண்ணுக்கு, செத்துப்போன அழைப்பும் பேசாமல் இருக்கும் இரண்டு மனுஷிகளும் ஒன்றுதான்.

மறுநாள் காலை முதல் வேலையாக டெஸ்டரிடம் போனாள். எதையும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

“நம்ம டெஸ்ட்ல ரெண்டு பக்கமும் என்ன ஓடுது?”

“வானிலை அறிக்கை. ஒரு ஆள் மூச்சு விடாம வாசிப்பார். முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து. இந்தப் பக்கமும் அவர்தான், அந்தப் பக்கமும் அவர்தான். ஏன்?”

“நடுவுல சும்மா இருக்கவே மாட்டாரா?”

“சும்மா இருந்தா அதுல டெஸ்ட் பண்ண என்ன இருக்கு?” என்று கேட்ட பூதக்கண்ணாடி, தான் சொன்னதைத் தானே கேட்டு வாயைப் பிளந்தார். இத்தனை மாதமாக அந்த அறையில் லட்சக்கணக்கான அழைப்புகள் நடந்திருந்தன. அதில் ஒருத்தருக்கும் ஒருத்தர் மேலும் கோபமே வந்ததில்லை.

இருவரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பேசாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் பூதக்கண்ணாடிக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதைவிட மலையைப் பெயர்ப்பது சுலபம். ஒரு நிமிடத்தில் தொண்டையைக் கனைத்தார். மறுபடி தொடங்கியபோது, “மதியம் சாப்பாட்டுக்கு வெளில போலாமா?” என்றார். அதற்கடுத்த தடவை அவளுக்கே சிரிப்பு வந்து கெடுத்துவிட்டது. கடைசியில் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார, அறை அடங்கியது. சரியாக ஐந்து நிமிடத்தில் இரண்டு போனிலும் கொய்ங்.

“நீ ஏன் வச்சே?” என்றார் பூதக்கண்ணாடி, தன்னையறியாமல்.

“பார்த்தீங்களா?” என்றாள் பூஜ்யம். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேனேஜரிடம் போய்ப் பேயோட்டியை அனுப்பக்கூடாது என்று சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போனது. கைதட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து, வீட்டுப் போன்களில் ஓட்டிக் காட்டினால் சரி என்று இறங்கிவந்தார்.

திருத்தம் பெரிய வித்தையல்ல. சத்தம் வரவில்லை என்றால் உடனே வெட்டாதே, முதலில் கதவைத் தட்டு. ‘இருக்கிறாயா?’ என்று இரண்டு போனையும் கேள். மனிதர்களைத் தொந்தரவு செய்யாமல் போனே ‘இருக்கிறேன்’ என்று சொல்லிவிடும். பலமுறை தட்டியும் பதிலில்லை என்றால்தான் பேய். ஆரம்பத்திலேயே இப்படி எழுதியிருக்கலாம். மிச்சம் பூஜ்யம் என்று திரையில் பார்த்த சந்தோஷத்தில் கண் மறைந்துவிட்டது.

கர்னலைத் திருத்தினாள் சரி, குடும்பத்தைத் திருத்த முடியவில்லை. வியாழக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினாள்.

“உங்க பெரியம்மாவைக் காப்பாத்தறதுக்கு மெஷின் மேல பழி போடாத” என்றாள் அம்மா.

பெரியம்மாவிடமும் விளக்கினாள்.

“உங்கம்மாவுக்கு வக்காலத்து வாங்கறதுக்கா உன்னைப் படிக்க வச்சாங்க?” என்றாள் பெரியம்மா.

கூடப் பிறந்தவர்கள் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டி கட்ட உதவுகிறேன் என்று பெரியம்மா வீட்டுக்குப் போனாள். புதிய பேயோட்டி அன்று மதியம்தான் ஏறியிருந்தது. அலுவலகத்தில் பூதக்கண்ணாடி திரையைப் பார்த்துக்கொண்டு காவலிருந்தார். அவள் சோதனைப் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

“அம்மா, ஆபீஸ் டெஸ்ட். நான் சொல்றவரைக்கும் வைக்காத. ஒண்ணும் பேசாத, காதுல வச்சிட்டு மட்டும் இரு.”

பிறகு போனைப் பெரியம்மாவிடம் நீட்டினாள். “இதைக் கொஞ்சம் பிடி பெரியம்மா. பேசக்கூடாது.”

பெரியம்மா வாங்கிக் காதில் வைத்தாள். “அந்தப் பக்கம் யாரு?”

“பேசக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?”

ஆனால் பேசியாகிவிட்டது. அந்தக் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். அம்மா இப்போது வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. பூஜ்யம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொய்ங் வரவில்லை. பெரியம்மாவும் யாரென்று புரிந்துகொண்டாள் என்பது உதட்டை இறுக்கிய விதத்திலேயே தெரிந்தது. அவளும் வைக்கவில்லை.

அலமாரிகள் காலியாக இருந்ததால் வீட்டில் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்டது. குழாய் சொட்டியது. ஐந்து நிமிடம் போயிற்று. பூஜ்யம் மனசுக்குள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள், இருக்கிறாயா, இருக்கிறாயா என்று. மேலும் எவ்வளவோ நேரம் போயிற்று. லைன் அப்படியே நின்றது.

பெரியம்மாவால் தாங்க முடியவில்லை. “வச்சிட்டியா?” என்றாள் மெல்ல.

போனிலிருந்து அம்மாவின் குரல் பூஜ்யத்துக்கே கேட்டது. “நான் எதுக்கு வைக்கணும்? போறது நீதானே அக்கா.”

பெரியம்மா கட்டிய பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். “அன்னைக்கும் நீ வைக்கலியா?”

“வைக்கல. உனக்குக் கேக்கக் கூடாதுன்னு வாயைப் பொத்திட்டு அழுதுட்டிருந்தேன்.”

“நானும்தான்டி” என்றாள் பெரியம்மா. அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அந்தப் பக்கமும் பேச்சில்லை. ஆனால் இரண்டு பேருமே போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பூஜ்யம் சமையலறைக்குப் போய்க் குழாயை இறுக்கி மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசியில் பூதக்கண்ணாடியின் செய்தி வந்து விழுந்தது.

“எல்லாம் காலி. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். ரொம்ப நேரமா சத்தமே இல்ல. பேயோட்டிக்குத் தப்பின பேய் மாதிரிதான் தெரியுது. நானே வெட்டி விடட்டுமா?”

“கையை வைக்காதீங்க” என்று அவசரமாகத் தட்டினாள். “அது பேய் இல்ல. என் பெரியம்மா.”