விலை போட்ட நாற்காலி

அரக்கு முத்திரை மேல் சுத்தியலின் முதல் அடி விழுந்ததுமே காசிராஜன் தங்கச்சியின் கையை எட்டிப் பிடித்தான்.

“ஏட்டி அழகு, வேணாம். வரி ஆபீஸ்ல வச்ச சீலு இது. ஒடச்சா கேஸாயிரும். எனக்கு வேலை போயிரும்.”

“நீ போலீஸு. நானா போலீஸு? கையை விடுண்ணே.”

விட்டுவிட்டான். ராஜபாளையத்துச் சந்து ஒன்றில் அவர்கள் அப்பா தவசிமுத்து ஆயுசு பூரா நடத்திய பழைய சாமான் கடை அது. கடைக்காரர் இப்போது ரெண்டு தெரு தள்ளி, தன் வீட்டு வாசலில் பிணமாக உட்கார்ந்திருந்தார். செத்தவரைக் குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, நாற்காலியில் உட்கார வைப்பது அவர்கள் வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டிருந்த அழகுத்தாய் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கியதும், கண்ணில் பட்டது பந்தல்காரனின் இரும்பு நாற்காலிதான். வாடகை நாற்காலி. அதில் அப்பா ஒரு பக்கமாகச் சரிந்துவிடாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அழ வந்தவளுக்கு அழுகை வரவில்லை. நேரே கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவருடைய நாற்காலி கடைக்குள் கிடந்தது. அம்மா பரிபூரணத்தைக் கட்டிக் கொடுத்தபோது சீராக வந்த தேக்கு நாற்காலி. மாப்பிள்ளையாக அதில் உட்கார்ந்த மனுசன், கடை வைத்தபோது அதையே அங்கே கொண்டு போய்ப் போட்டுக்கொண்டார். வாரவன் போறவன் எல்லாம் அதைத்தான் விலை கேட்டான். விக்கிறதுக்கில்லை என்றால் விடுவானா? நச்சரிப்பான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒருநாள் சாக்பீஸை எடுத்து நாற்காலி முதுகில் பத்தாயிரம் ரூபாய் என்று எழுதிப் போட்டார். அதற்கப்புறம் ஒரு பய கேட்கவில்லை. என்ன கெட்டிக்காரத்தனம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவரைக் கவிழ்த்தது.

போன மாதம் விற்பனை வரிக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். பேச்சு என்னமோ மரியாதையாகத்தான் இருந்தது. முதல் தடவை விற்றபோதே வரி கட்டிய சாமானுக்கு மறுபடி வரி கிடையாது, கட்டியதற்கு அந்தப் பழைய பில்லைக் காட்டினால் போதும் என்றார்கள்.

“வீட்டுல அரிசி இல்லாமத்தான் ஃபேனைக் கழட்டிட்டு விக்க வாரான். அவங்கிட்ட, ஒங்கப்பா வாங்குன பில்லு எங்கலேன்னு கேக்கவா சார்?” என்றார் தவசிமுத்து.

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பில் இல்லாத சாமானையெல்லாம் சரக்குக் கணக்கில் எழுதினார். நாற்காலியையும் சேர்த்து எழுதினார்.

“சார், அது என் நாற்காலி. நான் உக்காருறது.”

“விலை போட்டிருக்கீங்களே.”

வரியைக் கட்டினால்தான் திறப்போம் என்று கடையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தவசிமுத்து வீட்டில் வெறுந்தரையில் உட்கார்ந்து சுவரோடு பேசினார். “விக்கிற சாமானுக்குக் கேளு, தாரேன். உக்காந்திருக்கவும் வரியா?” நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரிலேயே சாய்ந்தார்.

அழகுத்தாய் சுத்தியலை மறுபடி ஓங்கினாள். அரக்கு சிதறியது, பூட்டு தெறித்தது. அண்ணன் தெருவைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டான். அவள் நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, சந்து வழியாகப் போகாமல் கடைத்தெரு வழியாகவே நடந்தாள். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

நாலு பேர் பிடித்து அப்பாவை மாற்றி உட்கார வைத்தார்கள். கயிறு தேவைப்படவில்லை. பரிபூரணம் கிட்டே வந்து, அவருடைய ரெண்டு கையையும் எடுத்து நாற்காலிக் கை மேல் வைத்தாள்.

“இப்பத்தான் அவியளுக்குத் தோதா இருக்கு” என்றாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

நீர்மாலைச் சடங்குக்குத் தண்ணீர் எடுத்து வரும் நேரத்தில் வரி ஆபீஸ் கிளார்க் சைக்கிளில் வந்து இறங்கினார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

“அந்த நாற்காலி கணக்குல இருக்கும்மா. எடுத்திருக்கக் கூடாது.”

“தாராளமாக் கொண்டு போங்க” என்றாள் அழகுத்தாய். “அப்பாவை எந்திரிக்கச் சொல்லிட்டுக் கொண்டு போங்க.”

கொட்டுக்காரர்கள் கொட்டை நிறுத்திவிட்டார்கள். கிளார்க் நோட்டைப் பிரித்தார்.

“எனக்கும் மேல ஆளு இருக்காங்கம்மா. சீலை யாரு ஒடச்சதுன்னு எழுதணும்.”

அழகுத்தாய் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காசிராஜன் வந்தான். கொள்ளி வைக்க மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு நின்றான்.

“எழுதிக்கிடுங்க. காசிராஜன், ஹெட் கான்ஸ்டபிள். நான்தான் ஒடச்சேன்.”

“அண்ணே...”

“நீ சும்மா இரு.” கிளார்க்கைப் பார்த்துச் சொன்னான்: “நாற்காலி திரும்பி வராது சார். அதையும் எழுதிக்கிடுங்க. அவரோட போகுது.”

நாற்காலியோடு சேர்த்தே தேர்ப்பாடையில் ஏற்றினார்கள். சுடுகாட்டுக்கு நேர் வழி மேற்கே. கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன காசிராஜன் கிழக்கே, தங்கச்சி நாற்காலியைச் சுமந்து வந்த கடைத்தெருப் பக்கம் திரும்பினான். தூக்கி வந்தவர்கள் அவன் பின்னாலேயே திரும்பினார்கள்.

பெண்கள் தெருமுக்கோடு நிற்க வேண்டும். அங்கே நின்றால் ரோடு தெரியும். மதுரை பஸ் ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டு வேகமாக வந்தது. காசிராஜன் நடுரோட்டுக்குப் போய், இடது கையில் புகையும் சட்டியோடு, வலது கையை நீட்டினான். பஸ் நின்றது. அதன் பின்னால் ஒரு லாரியும் நின்றது.

தேர் ரோட்டைக் கடந்து முடிகிற வரைக்கும் அவன் கையை இறக்கவில்லை.