நான்காம் வரிசையின் நோய்

மாதம் முப்பத்தைந்து வெள்ளி, ஜப்பான்காரன் வாழைமரம் அச்சடித்து விட்ட நோட்டில். ஆய்வு மாணவன் என்ற பெயரில் விவசாய இலாகா எனக்குக் கொடுத்த உதவித்தொகை அது. சிங்கப்பூரில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தவனை யுத்தம் மலாக்காவுக்குத் துரத்திவிட்டது. ஜப்பானிய அதிகாரி கூப்பிட்டு, எந்த மரவள்ளி அதிகம் விளையும் என்று ஆராயச் சொன்னார். ஊருக்குள் காஜா பேராங் என்ற இடத்தில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னாலேயே நிலம். நான்கு வரிசை, நான்கு ரகம். அறிக்கை அதிகாரிக்குப் பிடித்தால் தொகை நீடிக்கும். பிடிக்காவிட்டால் போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு என்னையும் ஏற்றிவிடலாம். வீட்டில் என் மனைவி சிவகாமசுந்தரிக்கு ஏழாம் மாதம்.

எனக்கு அப்போது எதுவுமே பிடிபடவில்லை. அதிகாரி ஜப்பானியக் கணக்கில் 2604 என்று எழுதுகிற வருஷம் எனக்கு 1944. கடிகாரம் தோக்கியோ நேரத்தில் ஓடியது, வயிறு மலாக்கா நேரத்தில் பசித்தது. இதெல்லாம்கூடப் போகட்டும். முப்பத்தைந்து வெள்ளியை எடுத்துக்கொண்டு பாசாருக்குப் போனால் நாலைந்து முட்டையோடு திரும்ப வேண்டியதுதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு நாளும் அடுப்பு பற்றவைக்காமல் இருந்ததில்லை. அவித்த கிழங்கு, அடை, களி என்று ஏதாவது தட்டில் இருக்கும்.

"எப்படி சிவகாமி சமாளிக்கிறே?"

"ஏதோ சமாளிக்கிறேங்க. நீங்க உங்க ஆராய்ச்சியப் பாருங்க."

பேரம் பேசுவதில் என் மனைவி பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துப் பூரித்துப்போனேன். ஆராய்ச்சியைப் பார்க்கப் போனேன்.

அங்கே வேறொரு குழப்பம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரிசைக்கு ஒரு செடியைப் பிடுங்கிக் கிழங்கை நிறுப்பேன். மூன்று வரிசைகள் ஒழுங்காகப் பருத்தன. எங்கள் வேலிக்குப் பக்கத்தில் இருந்த நான்காவது மட்டும் பின்னோக்கி வளர்ந்தது. முதலில் ஆறு கிழங்கு, அப்புறம் நாலு, அப்புறம் இரண்டு. இலையெல்லாம் பச்சைப் பசேல். பூச்சி இல்லை, அழுகல் இல்லை. கிழங்கு இருந்த இடத்தில் நேராகக் காய்ந்த ஒரு தழும்பு மட்டும். அதை நாள்கணக்கில் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கிழங்கைச் செடியே உதிர்த்து, மண்ணோடு கரைத்துவிடுகிற புது நோய் என்று முடிவுகட்டி, தழும்பைப் படம் வரைந்து, பன்னிரண்டு பக்கம் எழுதினேன். கிழங்கு அடையைத் தின்றுகொண்டேதான் எழுதினேன்.

அதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு எழுந்து நின்று மரியாதையாகத் தலை குனிந்தார். தொகை ஐம்பது வெள்ளி, இன்னும் ஒரு வருஷம் என்று கடிதம் கொடுத்தார். கையோடு உத்தரவும் போட்டார்: நோய் பரவக்கூடாது, நான்கு வரிசையையும் இன்றே எரிக்க வேண்டும்.

சிப்பாய்கள் பிடுங்கிக் குவித்தார்கள். நான்தான் கொள்ளி வைத்தேன். சுட்ட கிழங்கு மணம் தெருமுழுக்கப் போயிற்று. வேலிக்கு வெளியே சனம் கூடிவிட்டது. "நோயுள்ள கிழங்கு, யாரும் தொடாதீங்க!" என்று கத்தி விரட்டினேன். அன்று எனக்கு இருந்த மிடுக்கை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மூலைக்கடைக்குப் போயிருந்த சிவகாமி திரும்பி வந்தபோது சாம்பல்தான் இருந்தது. கடிதத்தை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"நாலு வரிசையுமாங்க?"

"நாலும்தான். நோய் அப்படி."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நான்தான்."

செடியைப் பிடுங்காமல், பக்கவாட்டில் கையை விட்டு ஒரு தடவைக்கு ஒரே ஒரு கிழங்கை அறுத்து எடுத்துவிட்டு மண்ணை மூடுவாளாம். செடிக்குத் தெரியாதாம். உதவித்தொகை உப்புக்கும் தேங்காயெண்ணெய்க்கும்தான் காணுமாம்.

பன்னிரண்டு பக்கமும் பொய். அதைப் போய்ச் சொன்னால் சர்க்கார் பயிரைத் திருடியதற்கு இவளை என்ன செய்வார்களோ. சொல்லாவிட்டால் இல்லாத நோய்க்கு ஒரு வருஷம் சம்பளம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அதையும் அறிக்கையில எழுதிடுவீங்களே."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, பாடம் புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"படிச்சவங்க நீங்க, சொல்லுங்க. நாளைக்கு என்னங்க சமைக்கிறது?"