மேடத்துக்கு இதயம் இருக்கிறதா?

1
இந்தக் கதை எனக்கு ஒரு கதவிடுக்கில் கிடைத்தது, கண்ணுகளா. கால்நடை மருத்துவக் கல்லூரியில் என் நாய்க்கு ஊசி போடக் காத்திருந்தேன். உள்ளே தேர்வு. "இதயம் இருக்கா இல்லையாம்மா?" என்றது ஒரு குரல். அவ்வளவுதான் காதில் விழுந்தது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2
'புயல் வீசிய அந்தக் காலையில், ஒரு வேட்டைநாய்...'

வேண்டாம். நாய் வாலை ஆட்டியே கதையைக் கலைத்துவிடும். பூனையே இருக்கட்டும்.

3
பூனையின் பெயர் மேடம். கல்லூரியிலேயே வளர்வது. தொட்ட மாணவரையெல்லாம் சீறும், பிறாண்டும். ஒருத்தியிடம் மட்டும் குழையும். கை அத்தனை மெத்தென்று இருப்பதால் அவளுக்குப் பட்டப்பெயர் பஞ்சு. (முதலில் 'பேரழகி' என்று எழுதினேன். பூனைக்கு அது எதற்கு? அடித்துவிட்டேன்.)

போன முறை செய்முறைத் தேர்வில் கோட்டைவிட்டவள். இன்றும் விட்டால் ஒரு வருடம் போச்சு. வேலையென்னவோ சின்னதுதான்: ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மேடத்தின் இதயத்துடிப்பை எண்ண வேண்டும். பிறாண்டல் வாங்கியவர்கள் எல்லாம் எண்ணிச் சொல்லிப் போய்விட்டார்கள்.

பஞ்சு வைத்தாள். மேடம் சொக்கிப்போய்க் குர்ர்ர் என்றது. காதுக்குள் மாவு மில். இதயம் எங்கே கேட்கும்?

"இதயம் இருக்கா இல்லையாம்மா?" என்றார் பேராசிரியர். மாணவர்கள் மறைவில் வைத்த பெயர் சிடுமூஞ்சி.

"இருக்கும் சார். இன்னும் கேக்கல."

"குர்ருன்னா என்ன பண்ணச் சொன்னேன்?"

"குழாயத் திறக்கணும் சார். தண்ணிச் சத்தத்துக்கு நிறுத்திடும்."

திறந்தாள். குழாய் ஓர் ஏப்பம் விட்டு ஓய்ந்தது. (தண்ணீரை நிறுத்தியது நான்தான். வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கோவிச்சுக்காதே பஞ்சு.)

மூக்கில் மெல்ல ஊதிப் பார்த்தாள். மில் இன்னும் வேகமாக ஓடியது.

4
இங்கே அவளை அழவிடலாம் என்று — சே, அவள் அழமாட்டாள்.

"சார், கொஞ்சம் இப்படி வாங்களேன்."

"எதுக்கு?"

"போன வாரம் அதுக்குத் தடுப்பூசி போட்டது நீங்கதானே. உங்க முகத்தப் பாத்தா நிறுத்திடும்னு... ஐயோ, அப்படிச் சொல்ல வரல சார்."

"அதான் சொல்லிட்டியே."

வந்தார். குனிந்தார். மேடம் கண்ணைத் திறந்து அந்த முகத்தைப் பார்த்தது.

மில் நின்றது.

5
'அவர் வாய்விட்டுச் சிரித்து, முழு மதிப்பெண்...' அவர் சிரித்து எனக்குப் பழக்கமில்லை.

'அவர் கோபத்தில் அவளை வெளியே...' எழுத எனக்கு மனசு வரவில்லை.

நீங்களே ஒன்று சொல்லுங்கள், கண்ணுகளா. ஆனால் இப்போதே வேண்டாம். அவர் இன்னும் குனிந்தபடிதான் நிற்கிறார். யாரும் கேட்காமலே சிடுசிடுப்பை ஒரு பிடி கூட்டியும் வைத்திருக்கிறார். அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

உஷ்.