மீட்டரில் இருபத்தாறு

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாளும் வேம்பு கருக்கலிலேயே எழுந்து காரைத் துடைத்துவிடுவாள். அந்த மூன்று நாளும் அவள் புருஷன் ரெத்தினத்துக்குத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட உடம்பு அது. மெஷின்தான் ரத்தத்தைக் கழுவித் திருப்பி அனுப்ப வேண்டும்.

மெஷினுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை, சர்க்கார் காப்பீட்டில் போய்விடும். ஆனால் அவர்கள் ஊர் முத்துப்பேட்டைக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. அங்கிருந்து தஞ்சாவூர் போய்வர ஆகும் டீசலுக்கு எந்தக் காப்பீடும் கிடையாது. பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இடம் கேட்டு வைத்திருந்தார்கள். அங்கே ஒருவர் போய்ச் சேர்ந்தால்தான் இன்னொருவருக்கு இடம். அதற்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்ளவும் மனசு வருமா, சொல்லுங்கள்.

பஸ்ஸிலும் போய்ப் பார்த்தார்கள். ஒருநாள் திரும்பி வரும்போது பிரஷர் இறங்கி, பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ரெத்தினம் துவண்டு விழுந்தார். பஸ் பயணம் அன்றோடு சரி. நெல் அறுக்கும் மெஷின் ஓட்டிச் சம்பாதித்த காலத்தில் அவர் வாங்கிய சின்ன டீசல் கார் வாசலில் நின்றது. வேம்பு அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள். சொல்லிக்கொடுத்ததும் அவர்தான், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திட்டித் திட்டி.

"கிளட்ச்ச மிதிக்கிறியா, தையல் மிஷின மிதிக்கிறியா?"

"ரெண்டும் காலால மிதிக்கிறதுதானே. சும்மா வாங்க."

தையல் மிஷின்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. ஊர்ப் பெண்களின் ரவிக்கை எல்லாம் வேம்புவின் கையில்தான் உருவாகும். ஐப்பசியில் தீபாவளித் துணி மலையாகக் குவிந்திருந்த ஒரு சாயங்காலம், அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்ததை ரெத்தினம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வேம்பு, வாரம் ரெண்டு தடவ போதும். சனிக்கிழமைய விட்டுடுவோம்."

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"டாக்டர் சொன்னது காதுல விழலயா?"

"டாக்டரா டீசல் போடுறாரு? இந்தக் கார் லிட்டருக்குப் பதினேழு குடுக்குது. அதுக்கு ஊத்துறதுக்கே நீ தைக்கிற. இருவத்தஞ்சு குடுக்கட்டும், மூணு நாளும் வர்றேன். இல்லன்னா ரெண்டுதான்."

ரெத்தினம் ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஒரு தடவை சாலை மறியலில் மாட்டி டயாலிசிஸ் தவறிப்போனபோது அவர் பட்ட பாட்டை வேம்பு கண்ணால் பார்த்திருக்கிறாள். நெஞ்சில் நீர் ஏறி, படுக்க முடியாமல், கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். வாரம் இரண்டு என்றால் அவர் எத்தனை நாள் தாங்குவார் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களே என்ற பயம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டதில்தான் 'மேப்பிங்' என்ற வார்த்தை அவள் காதில் விழுந்தது. டீசல் காருக்கு லேப்டாப்பை மாட்டி ஏதோ மாற்றினால் மைலேஜ் கூடுமாம். அடுத்த வியாழக்கிழமை அவரை மெஷினில் படுக்க வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு விசாரித்து விசாரித்து அந்த வேலை செய்யும் ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே இருந்தவர் ராஜ்குமார், முப்பது வயதிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டார்.

"வண்டிக்குள்ள ஒரு மூள இருக்குக்கா. எப்ப, எவ்வளவு டீசல் பீச்சணும்னு அதுதான் சொல்லும். அது போடுற கணக்கத்தான் மாத்தி எழுதுறோம்."

எழுதி முடித்து இருவரும் புறவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி முன்னைவிட லகுவாக இழுத்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போய் இருபத்தாறில் நின்றது. வேம்புக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும்."

ராஜ்குமார் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "அத நம்பாதீங்கக்கா. மீட்டர் டேங்க்கப் பாத்துச் சொல்லல. மூள எவ்வளவு பீச்சச் சொன்னுச்சோ அத வெச்சுத்தான் காட்டுது. அந்தக் கணக்கத்தான் நாம மாத்திட்டமே, அதான் இப்படிக் கூடக் காட்டுது. நெசத்துல ஒண்ணு கூடக் கெடைக்கும், மிஞ்சினா ஒண்ணரை. ஒரு தடவ டேங்க் ரொப்பி ஓட்டிட்டு வாங்க, மீட்டரயும் சரி பண்ணித் தர்றேன்."

வேம்பு மீட்டரில் இருந்த இருபத்தாறை இன்னொரு தடவை பார்த்தாள்.

"சரி பண்ணலன்னா வண்டிக்கு ஏதும் ஆயிடுமா?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆவாது. உங்களுக்குத்தான் கணக்கு தப்பும்."

"அப்ப அப்படியே இருக்கட்டும்."

"யாரக்கா ஏமாத்தப் போறீங்க?" என்று சிரித்தார் ராஜ்குமார்.

"எங்க வீட்டுக்காரரத்தான்," என்றாள். அவர் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அன்று திரும்பி வரும்போது ரெத்தினத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மெஷினிலிருந்து இறங்கினால் பிழிந்து போட்ட துணி மாதிரி சாய்ந்து கிடப்பவர், அன்று நிமிர்ந்து உட்கார்ந்து, துண்டு நுனியால் மீட்டரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இருவத்தாறுடி! அடேயப்பா, இது காரா, சைக்கிளா?"

"அதான் சொன்ன வாக்கக் காப்பாத்துங்க."

"மூணு நாளு என்ன, நாலு நாளுகூட வர்றேன், போ."

தெருவில் ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று. வேம்பு மட்டும், அவர் மெஷினில் படுத்திருக்கும் நேரத்தில் பெட்ரோல் பங்க்குக்குப் போய், அவருக்குத் தெரியாமல் கூடுதலாக டீசல் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் காரில் டீசல் முள் வாங்கின நாளிலிருந்தே பாதியில் சிக்கி நின்றது. ஆகவே டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்பது ஓட்டுகிறவர் போடும் மனக்கணக்குத்தான். அவள் பதினெட்டு என்று போட்டாள். அவர் இருபத்தாறு என்று போட்டார். ஒரே காருக்குள் இரண்டு கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தஞ்சாவூர் போய் வந்தன. கூடுதல் செலவுக்கு வேம்பு கூடுதலாகத் தைத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வடிகால் வாய்க்காலில் தண்ணீர் எதிர்த்து வர, தூர் கட்டி நின்ற சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தது. வயலுக்கு வயல் டீசல் இன்ஜினை வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் டீசல் உறைமோர் மாதிரி. இருக்கிற வீட்டில் கேட்கலாம், கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது, மழை விட்டதும் திருப்பி ஊற்றிவிட வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வேம்பு வீட்டுக்குத் திரும்பியபோது, ரெத்தினம் வாசலில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீசல் வாடை.

"என்ன வாடை?"

"தியாகேசன் இன்ஜினத் தூக்கிட்டுப் போனான். அதுதான்."

தியாகேசன் பக்கத்து வீட்டுப் பையனாக இருந்து இப்போது குடும்பஸ்தன். அவர்களை அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவான். வேம்பு மேலே ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைதான் ரெத்தினத்துக்கு உடம்பு அதிகம் கனத்திருக்கும், நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுவதால். அன்றும் கால் இரண்டும் வீங்கி, பேச்சு விட்டு விட்டு வந்தது. தஞ்சாவூர் போய்ச் சேர டீசல் தாராளமாக இருக்கிறது என்பது வேம்புவின் கணக்கு. ஒரத்தநாடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி இரண்டு தடவை குலுங்கியது. பிறகு சத்தமே இல்லாமல் உருண்டு, புளியமரத்தடியில் நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுற்றியது, பிடிக்கவில்லை.

"டீசல் தீந்த மாதிரி இருக்கு," என்றார் ரெத்தினம். தானே நம்பாத குரல்.

"தீராதுங்க. இருக்குது."

"இருக்கத்தான் செய்யும். நான் கணக்குப் போட்டுத்தானே எடுத்தேன்."

வேம்பு திரும்பினாள். "எத எடுத்தீங்க?"

"தியாகேசன் வந்து கேட்டான். அவன் பயிரு முழுகுது, அந்த நேரத்துல அவன் எங்க போவான்? டியூப்ப விட்டு ஒரு கேன் எடுத்துக் குடுத்தேன். மீட்டரு இருவத்தாறு காட்டுது. அந்தக் கணக்குக்கு இன்னும் தஞ்சாவூரு போயி வூட்டுக்கே திரும்பலாம்டி. எங்கயோ ஒழுகுது, கீழ குனிஞ்சு பாரு."

வேம்பு இறங்கி மழையில் குனிந்து பார்த்தாள். ஈரத் தாரில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாம் பழையபடி இருக்கும். "ஒழுகத்தான் செய்யுது," என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். அதற்குள் அவர் கதவைத் திறந்து, முக்கி முனகி, தானும் குனிந்து பார்த்துவிட்டார். ஆயுசு முழுக்க மெஷின் ஓட்டியவர். ஒழுகினால் தெரியாதா?

டீசல் வண்டி காலியாகி நின்றால் குழாயில் காற்று புகுந்துகொள்ளும். ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினாலும் லேசில் கிளம்பாது. அதற்கு வேண்டிய வேலையைச் செய்ய அவர் கையில் வலு இல்லை, அவளுக்கு வகை தெரியாது. பஸ் இரண்டு வந்தன. படியெல்லாம் ஆள் தொங்க, நிற்காமலே போயின. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வீரமணிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பத்து மணி வரைக்கும் மெஷின வெச்சிருக்கேன். அதுக்கு மேல வேற ஆள ஏத்திடுவேன், என்னையத் திட்டக்கூடாது."

கடைசியில் முத்துப்பேட்டையிலிருந்து மீன் பெட்டி ஏற்றி வந்த ஜெக்கரியாவின் குட்டி லாரிதான் நின்றது. முன்பக்கம் இரண்டு மீன்கார அம்மாக்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஏற ரெத்தினத்தால் முடியாது.

"கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போறேன். அக்கா, கயிறு தொய்யாம வாங்க. படக்குனு பிரேக் அடிச்சீங்கன்னா அறுந்துடும்," என்றார் ஜெக்கரியா.

"நல்லாப் புடிச்சுக்க தாயி," என்றார் ஜன்னலோரத்து மீன்கார அம்மா. "புருஷனக் கட்டி இழுக்குற மாதிரிதான், ரொம்பச் சுண்டக்கூடாது!"

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தார் அந்த அம்மா. காரில் இருந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கார் இன்ஜின் சத்தமில்லாமல் ஊர்ந்தது. மழைச் சத்தம் மட்டும்.

"அந்த ராஜ்குமாரு பய ஏமாத்திட்டான்," என்றார் ரெத்தினம். "ஆஸ்பத்திரி முடிஞ்சதும் அங்க வுடு. சட்டையப் புடிக்கிறேன்."

வேம்புக்கு அதை விழுங்க முடியவில்லை. "அவரு மேல தப்பில்ல. மீட்டரு தப்பாக் காட்டுதுன்னு சொல்லி, சரி பண்ணித் தர்றேன்னாரு. நான்தான் வேணாம்னேன்."



"நெசமா எவ்வளவு குடுக்குது?"

"பதினெட்டு."

"நான் சனிக்கிழமை வரணும்னு."

"ஆமா."

அவர் அழுகிறாரா என்று பார்க்க அவளுக்கு ஆசை. கயிற்றை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. முன்னால் லாரி வேகத்தைக் குறைப்பதும் கூட்டுவதுமாக இருந்தது, கயிறு கண்ணெதிரே விறைத்துக்கொண்டும் தளர்ந்துகொண்டும். வண்டியை ஓரங்கட்டி அவர் காலைப் பிடித்துக்கொண்டு, கோபித்துக்கொள்ளுங்கள், அடியுங்கள், சனிக்கிழமை மட்டும் வந்துவிடுங்கள் என்று கெஞ்ச வேண்டும் போலிருந்தது. நிறுத்துவதற்கு அது அவள் ஓட்டும் வண்டியாக இல்லையே.

"ஏதாச்சும் பேசுங்க," என்றாள்.

"மூச்சு வாங்குது," என்றார் அவர்.

ஆஸ்பத்திரி வாசலில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வீல்சேரைத் தள்ளிக்கொண்டு அவள் ஓடியபோது பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. உள்ளே ரெத்தினத்தின் கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்லூரிப் படிப்பு வயது. கையைச் சுத்தம் செய்து தயாராக நீட்டியிருந்தாள். பக்கத்தில் நின்ற பேராவூரணி தர்மாம்பாளின் மகள், பெயர் பூமிகா என்றார் வீரமணி. சர்க்கார் இடத்துக்குக் காத்திருக்கிறவர்கள், அதுவரை வெளியே தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி, முடிந்தபோது மட்டும் செய்துகொள்கிறார்கள். இன்று இவர்கள் வராவிட்டால் இவள் என்று உட்கார வைத்திருந்தார்.

ரெத்தினத்தைக் கண்டதும் அந்தப் பெண் சட்டையின் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தாள். யாரும் அவளை எழச் சொல்லவில்லை. அவள் அம்மா தர்மாம்பாள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

ஊசி ஏறி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் ரெத்தினம் கூப்பிட்டார்.

"வீரமணி, சனிக்கிழமை என் இடத்த அந்தப் புள்ளைக்குக் குடுத்துடு. எனக்கு ரெண்டு நாள் போதும்."

"வெளயாடாதீங்கண்ணே," என்றார் வீரமணி. அவர் முகம் வேம்பு பக்கம் திரும்பியது. "அக்கா? நீங்க சொல்லுங்க. இது நல்லதில்ல."

கதவருகே போயிருந்த தர்மாம்பாளும் திரும்பிவிட்டாள். அருகில் வந்து, வேம்புவின் ஈரக் கைகள் இரண்டையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் பூமிகா சுவரைப் பார்த்து நின்றாள்.

வேம்பு ரெத்தினத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்குகிறவர் மாதிரி. அவள் வாயைத் திறந்தாள். முடியாது என்று ஒரே ஒரு வார்த்தைதான். இந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டும். உள்ளே எங்கோ ஒரு மெஷின் கீச்சிட, "யோசிச்சுச் சொல்லுங்கக்கா," என்று வீரமணி அந்தப் பக்கம் ஓடினார்.

தர்மாம்பாள் கையை விடவில்லை. வேம்புவும் உருவிக்கொள்ளவில்லை.