கேட்காமல் அறுத்த குழாய்

பொன்னேரியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடிந்து அர்ச்சனா வீடு வந்து சேர்ந்தபோது, வாசலில் கறுப்புத் தூள் சிதறிக் கிடந்தது. அடுப்புச் சாம்பல் என்று நினைத்துத் தாண்டப் போனவள் அப்படியே நின்றாள். சாம்பல் இப்படி மினுங்காது.

உள்ளே ஓடினாள். அவள் கட்டிக்கொண்டிருந்த சைக்கிளின் ஃபோர்க், முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, பாய்மேல் கிடந்தது. அதன் மேல்குழாய் காலையில்கூடச் சாண் நீளத்துக்கு மேல் இருந்தது. இப்போது பாதிதான் இருந்தது. அறுத்த துண்டு பக்கத்திலேயே உருண்டு கிடந்தது.

"வந்துட்டியா?" அண்ணன் இளவழகன் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "உன் வேலைய முடிச்சிட்டேன். வெளிய நீட்டிக்கினு இருந்த குழாய அளவா அறுத்துட்டேன். சும்மா வெண்ணெ மாதிரி போச்சி."

அர்ச்சனா குனிந்து அறுத்த துண்டைக் கையில் எடுத்தாள்.

யாரோ ஓட்டிக் கழித்த அலுமினிய சைக்கிளை மூன்று வருஷமாக மிதித்தவள் அவள். அது அவளைவிட உயரமானவர்களுக்கான சைக்கிள். அதை வைத்துக்கொண்டே மாவட்ட சைக்கிள் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். அப்புறம்தான் சீனாவில் ஒரு தொழிற்சாலைக்கு எழுதி, தன் உயரத்தையும் கால் நீளத்தையும் சொல்லி, இருப்பதிலேயே சின்ன அளவில் கார்பன் இழையில் செய்த ஃபிரேமும் ஃபோர்க்கும் வரவழைத்தாள். ஒரு விரலில் தூக்கலாம் போல அத்தனை லேசு. ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தாள். வீடியோ பார்த்துப் பார்த்துப் பூட்டினாள். ஃபோர்க்கின் அந்த மேல்குழாயை மட்டும் கடைசி வரைக்கும் தொடவில்லை. ஹேண்டில்பாரை மாட்டி, உட்கார்ந்து பார்த்து, முதுகு எவ்வளவு வளைகிறது என்று தெரிந்த பிறகுதான் அறுக்க வேண்டும். ஒருமுறை அறுத்தால் அறுத்ததுதான்.

"யாரைக் கேட்டு அறுத்த?"

"கேக்கறதுக்கு இன்னா கீது? எல்லா சைக்கிள்லயும் ஹேண்டில்பார் குழாய்க்குள்ளதான எறங்கும்? மேல நீட்டிக்கினு இருக்கறது வேஸ்ட்டுதான?"

"இதுல உள்ள எறங்காதுண்ணா! குழாய வெளியில இருந்து கவ்வும்! நாலு விரக்கடை நீட்டிக்கினு இருந்தாத்தான் கவ்வும்! இப்ப எதைப் போய்க் கவ்வறது? உன் கழுத்தையா?"

சமையலறையிலிருந்து அம்மா வேலம்மா வந்தாள். "அவன் நல்லதுக்குத்தான்டி பண்ணான். நீ வேலைக்கும் போயிட்டு இதையும் கட்டிக்கினு அழுவுறியேன்னு..."

"நான் அழுவுறேன்னு எப்போ சொன்னேன்? இதைச் செய்யறப்போதான் நான் நல்லா இருந்தேன்!"

அன்று அவள் சாப்பிடவில்லை. அண்ணன் அறுத்ததைவிட, அம்மாவும் அவன் பக்கமே பேசியதுதான் நெஞ்சைப் பிடுங்கியது.

இளவழகனுக்குக் கடலோடு சேரும் ஏரியின் கரையில் ஃபைபர் படகு ரிப்பேர் செய்யும் கொட்டகை. பாறையில் மோதி ஓட்டை விழுந்த படகுக்குக்கூட ஃபைபர் துணி போட்டு, ரெசின் பசை பூசி, இரண்டு நாளில் கடலுக்கு அனுப்பிவிடுவான். "இதையும் ஒட்டித் தரேன்," என்றான். "வேணாம். தொடாத," என்றாள் அர்ச்சனா. இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் அவன் தலையாட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்காகப் பழைய சைக்கிளில் காட்டூர் வரை போய்த் திரும்பியவள், கூடத்தில் புது சைக்கிள் நிற்பதைப் பார்த்தாள். ஃபோர்க், முன்சக்கரம், ஹேண்டில்பார் எல்லாம் பூட்டியிருந்தது. அறுத்த குழாயின் உள்ளே இன்னொரு குழாயைச் செருகி, ரெசின் ஊற்றி, அறுத்த துண்டைத் திரும்ப ஒட்டி, தேய்த்துக் கறுப்பு அடித்திருந்தான். ஒட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஃபினிஷிங்க பாரு," என்றான் இளவழகன். "அம்மாதான் புடிச்சிக்கினாங்க."

அர்ச்சனா கத்தவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் முன்சக்கரத்தைச் சுவரில் முட்டக் கொடுத்தாள். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, உடம்பின் எடை முழுவதையும் அதில் போட்டு அழுத்தினாள். முதல் முறை தாங்கியது. இரண்டாவது முறையும் தாங்கியது. மூன்றாவது முறை, பிரேக் அடித்தால் எப்படி முன்னால் விழுவாளோ அப்படி விழுந்து அழுத்தினாள். படக்கென்று ஒரு சத்தம். ஹேண்டில்பார் அவள் கையோடு வந்தது. தோள் போய்ச் சுவரில் இடித்தது.

"பாலத்துல எறங்கறப்போ நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல வருவேன்," என்றாள். கையில் இருந்ததை அண்ணன் காலடியில் போட்டாள். "பின்னால லாரி வரும். அப்போ இது கையோட வந்திருந்தா?"

இளவழகன் வாயைத் திறந்தான். "நான் நல்லதுக்கு..."

"அந்த வார்த்தைய இன்னொரு தபா சொன்ன, நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

அம்மா விரலில் காய்ந்து ஒட்டியிருந்த ரெசினை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

அந்த வீட்டில் எந்த அறைக்கும் பூட்டு இருந்ததில்லை. அன்று மாலை கடைக்குப் போய்த் தாழ்ப்பாளும் பூட்டும் வாங்கி வந்து தன் அறைக்கதவில் தானே அடித்தாள். "எங்களத் திருடனுங்க மாதிரி ஆக்கிட்டியே," என்று அம்மா அழுதாள்.

"திருடன் எடுத்துக்கினு போவான். அறுத்துப்போட மாட்டான்."

ஆரம்பாக்கத்துப் பக்கம் நெடுஞ்சாலையில் நடந்த போட்டிக்குப் பழைய சைக்கிளிலேயே போனாள். ஒன்பதாவதாக வந்தாள். கடைசி ஐந்து கிலோமீட்டர் முழுக்க அவள் வாயிலிருந்து வந்தது அண்ணனைத் திட்டிய வசவுதான்.

புது ஃபோர்க் மட்டும் தனியாகச் சீனாவிலிருந்து வர ஐந்து வாரம் ஆனது. அது வந்த பிறகும் அவள் அவசரப்படவில்லை. குழாயை முழு நீளத்தில் வைத்தே ஹேண்டில்பாரை மாட்டினாள். உட்கார்ந்து பார்த்தாள், குழாயில் கோத்திருந்த வளையங்களைக் கழற்றி மேலும் கீழும் மாற்றினாள், மறுபடி உட்கார்ந்தாள். முதுகுக்கும் தோளுக்கும் ஒத்துவந்த பிறகுதான் டேப் சுற்றிக் கோடு போட்டாள். வெயில் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து, மூக்கை மூடிக்கொண்டு, ஈரத்துணி சுற்றி அறுத்தாள்.

இளவழகன் கொட்டகையிலிருந்து வந்து வேலியோரம் நின்றான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான்.

"ஈரத்துணி இன்னாத்துக்கு?"

"தூள் நெஞ்சுக்குள்ள போவும். நீயும் தினம் அதைத்தான் இழுக்கற. எத்தினி தபா சொல்லியிருக்கேன், மூக்க மூடுன்னு?" அவள் நிமிராமலே கத்தினாள். "நான் சொன்னா உனக்கு எதுதான் ஏறுது?"

அவன் போகவில்லை. அவள் குழாயைத் தேய்த்து, பூட்டி, ஒவ்வொரு போல்டாக முறுக்கம் காட்டும் சாவியில் அளவு பார்த்து முறுக்கி முடிக்கும் வரை நின்றான்.

"உன்னைக் கேட்டிருக்கணும்," என்றான் கடைசியில்.

"ஆமா," என்றாள் அர்ச்சனா.

அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டாள். அவன் விலகி வழிவிட்டான். பொன்னேரி சாலை காலியாக இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து மிதித்தாள்.